எண்ணுகிறவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டால்

போன நவராத்திரிக்கு, அட்லாண்டாவை ஒட்டிய ஆல்ஃபரெட்டாவில் தெரிந்தவர் வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தோம். பேச்சு சுண்டலில் ஆரம்பித்து வழக்கம்போல நகைத் திருட்டில் வந்து நின்றது. இந்தியர் வீடென்றால் தங்கம் இருக்கும் என்று தெரிந்துகொண்டு, ஆள் இல்லாத நேரம் பார்த்துப் புகுகிற கும்பல்கள் அமெரிக்காவில் பல ஊர்களில் பிடிபட்டிருக்கின்றன. அந்த வீட்டு அண்ணா கொழுக்கட்டைத் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்: "நான் கன் வாங்கிட்டேம்மா. ஜார்ஜியால அதுக்கு லைசென்ஸ்கூட வேணாம். குழந்தைங்க இருக்கற வீடு, ஒரு சேஃப்டி வேணும்ல?"

"சேஃப்டின்னு யாரு சொன்னா அண்ணா?"

"இத யாரு சொல்லணும்? காமன் சென்ஸ்தானே."

நான் வேலை பார்ப்பது காப்பீட்டு நிறுவனத்தில், எண்களோடு. காமன் சென்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். ஆனால் கொலு வீட்டில் வாதம் செய்வது அழகில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான், அண்ணா சொன்னதை ஒருவர் முப்பது வருடத்துக்கு முன்பே முறைப்படி சோதித்துப் பார்த்த கதையையும், அதற்கு அவருக்குப் பணம் கொடுத்த அலுவலகத்துக்கு என்ன ஆனது என்பதையும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அந்த அலுவலகம் எங்கள் ஊர்க்காரர்களுடையதுதான். அட்லாண்டாவில் இருக்கிற நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம், சிடிசி.

அவர் பெயர் ஆர்தர் கெல்லர்மன். அவசர சிகிச்சை மருத்துவர். குண்டடிபட்டு வருகிறவர்களுக்குத் தையல் போட்டு அலுத்தவர், இவர்கள் ஏன் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கினார். சியாட்டில், மெம்ஃபிஸ், கிளீவ்லாண்ட் நகரங்கள் இருக்கும் மூன்று கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி), தங்கள் சொந்த வீட்டிலேயே கொலை செய்யப்பட்டவர்களின் பட்டியலை எடுத்தார். ஒவ்வொருவருக்கும் இணையாக, அதே வட்டாரத்தில், அதே பாலினத்தில், அதே இனத்தில், ஏறக்குறைய அதே வயதில் உயிரோடு இருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்தார். 388 ஜோடிகள் சேர்ந்தன. இரண்டு வீடுகளிலும் ஒரே கேள்விகள்: குடிப்பழக்கம் உண்டா, போதைப் பொருள் உண்டா, அடிதடி நடந்ததுண்டா, தனியாக வசிக்கிறவரா, துப்பாக்கி இருக்கிறதா. மற்றவற்றையெல்லாம் கழித்துப் பார்த்த பிறகும், துப்பாக்கி இருந்த வீட்டில் கொலை நடக்கும் வாய்ப்பு 2.7 மடங்காக நின்றது. 1993 அக்டோபரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் கட்டுரை வந்தது.

அந்தக் கட்டுரையில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு எண். இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானவர்களைக் கொன்றது கணவன், மனைவி, உறவினர், அல்லது தெரிந்தவர். முகம் தெரியாதவன் உள்ளே புகுந்து கொன்றது மிகச் சொற்பம். அண்ணாவின் பயம் எந்தக் கதவைப் பார்த்து நிற்கிறதோ, ஆபத்து பெரும்பாலும் அந்தக் கதவு வழியாக வருவதில்லை.

இந்த ஆய்வைக் குறை சொன்னவர்கள் எல்லாரும் முட்டாள்கள் இல்லை. உயிருக்குப் பயம் இருக்கிறவன்தானே துப்பாக்கி வாங்குவான், அப்போது காரணம் எது, விளைவு எது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. துப்பாக்கி வைத்திருப்பதை எல்லாரும் உண்மையாகச் சொல்வார்களா என்று கேட்டார்கள். அதுவும் நியாயம். இப்படிப்பட்ட கேள்விக்கு என் தொழிலில் ஒரே மருந்து, அடுத்த ஆய்வு. இன்னும் பெரிதாக, இன்னும் கவனமாக. அமெரிக்காவின் தேசிய ரைஃபிள் சங்கமான என்ஆர்ஏ வேறு வழியைப் பார்த்தது. பணம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனது.

சிடிசிக்குள் காயத் தடுப்புக்கென்று ஒரு மையம் 1992-ல்தான் உருவாகியிருந்தது. அதன் தலைவர் மார்க் ரோசன்பெர்க் துப்பாக்கியைச் சிகரெட்டோடு ஒப்பிட்டுப் பத்திரிகையில் பேசியது எதிர்த்தரப்புக்கு வெல்லக்கட்டியாக அமைந்தது. அந்த மையத்தையே மூடு என்று என்ஆர்ஏ நெருக்கியது. மூட முடியவில்லை. 1996-ல் ஆர்க்கன்சாவைச் சேர்ந்த குடியரசுக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஜே டிக்கி, செலவு மசோதாவில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார்: சிடிசியின் காயத் தடுப்பு நிதியில் எதையும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவு திரட்டவோ அதை முன்னெடுக்கவோ பயன்படுத்தக் கூடாது. கூடவே 26 லட்சம் டாலர் துப்பாக்கி ஆய்விலிருந்து பிடுங்கப்பட்டு மூளைக்காய ஆய்வுக்குத் திருப்பிவிடப்பட்டது. முந்தைய வருடம் துப்பாக்கி ஆய்வுக்கு எவ்வளவு செலவானதோ, சரியாக அதே தொகை. 200 கோடி டாலருக்கு மேல் புழங்கும் நிறுவனத்தில் அந்தப் பணம் ஒன்றுமே இல்லை. யாருக்குச் சொல்கிறோம் என்பது புரியவேண்டும் என்பதற்காக அந்தத் தொகை.

வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். ஆய்வு செய்யாதே என்று அதில் எங்குமே இல்லை. ஆதரவு திரட்டாதே என்றுதான் இருக்கிறது. ஆனால் எது ஆய்வு, எது ஆதரவு என்று யார் முடிவு செய்வது? ஒரு கட்டுரையின் கடைசிப் பத்தியில் 'எனவே துப்பாக்கியைப் பூட்டி வைப்பது நல்லது' என்று எழுதினால் அது எதில் சேரும்? அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும், தெளிவில்லாத விதிதான் தெளிவான விதியைவிடப் பயமுறுத்தும். தடை என்றால் எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்கலாம். எல்லை எங்கே என்று தெரியாவிட்டால் அந்தத் தெருப்பக்கமே போகமாட்டோம். சிடிசியும் போகவில்லை. துப்பாக்கி பற்றிய கட்டுரை வரப்போகிறது என்றால் மரியாதைக்காக என்ஆர்ஏவுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லும் பழக்கம் அங்கே இருந்ததாக 2011-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. வாடகைக்கு இருப்பவர் ஆணி அடிக்க வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல.

அதே காலத்தில் ஃபிலடெல்ஃபியாவில் சார்லஸ் பிரானஸ் என்ற ஆய்வாளர், தாக்குதலின்போது துப்பாக்கி வைத்திருந்தவர் சுடப்படும் வாய்ப்பு 4.46 மடங்கு என்று 2009-ல் எழுதினார். பணம் கொடுத்தது தேசிய சுகாதார நிறுவனங்கள், என்ஐஹெச். அடுத்த சில வருடத்துக்குள் டிக்கியின் வாக்கியம் அந்த நிறுவனத்துக்கும் நீட்டப்பட்டது. 2003 முதல், குற்றத்தில் பிடிபட்ட துப்பாக்கி எந்தக் கடையிலிருந்து வந்தது என்ற தரவும் ஆய்வாளர்களுக்குக் கிடைக்காதபடி வேறொரு திருத்தம் பூட்டியிருந்தது. ஃப்ளோரிடா இன்னும் ஒரு படி மேலே போனது. நோயாளியிடம் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று மருத்துவர் கேட்பதற்கே 2011-ல் சட்டம் போட்டுக் கட்டுப்பாடு விதித்தார்கள். நீச்சல்குளம் இருக்கிறதா, கார் சீட் இருக்கிறதா என்று குழந்தை மருத்துவர் கேட்கலாம், இதைக் கேட்கக் கூடாது. இங்கே அட்லாண்டாவில் இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் 2017-ல் அதைச் செல்லாது என்றது.

இந்த வறட்சிக்கு 2017-ல் ஒரு கணக்கு வந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா இதழில் ஸ்டார்க், ஷா என்ற ஆய்வாளர்கள் இருவரும், ஒரு மரணக் காரணம் எத்தனை பேரைக் கொல்கிறதோ அதற்கேற்ப அதன் ஆய்வுக்கு எவ்வளவு பணம் போயிருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். 2004 முதலான சுமார் பத்தாண்டில் துப்பாக்கி வன்முறைக்குப் போயிருக்க வேண்டியது 140 கோடி டாலர். போனது 2.2 கோடி. 100-க்கு 1.6. ரத்தத்தில் கிருமி ஏறி இறப்பவர்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ இதே அளவுதான். அதற்குப் போனதில் நூற்றில் ஒரு பங்குகூட இதற்கு வரவில்லை.

பணம் நின்றால் ஆள் நிற்பதில்லை. பேராசிரியர் வேறு தலைப்புக்குப் போவார், அவரிடம் மாணவர் சேரமாட்டார், பத்து வருடம் கழித்து அந்தத் துறையில் பாடம் எடுக்கவே ஆள் இருக்காது. கலிஃபோர்னியாவில் கேரன் வின்டமியூட் என்று ஒருவர். இவரும் அவசர சிகிச்சை மருத்துவர்தான். சிடிசி பணம் நின்றதும் தன் சொந்தப் பணத்தில் 10 லட்சம் டாலருக்கு மேல் போட்டு ஆய்வைத் தொடர்ந்தார். தனிமனிதரின் சேமிப்பில் ஒரு நாட்டின் முக்கியமான மரணக் காரணம் ஒன்று ஆராயப்பட்டது. இதைப் புகழ்ந்து எழுதுவார்கள். எனக்குப் புகழத் தோன்றவில்லை, கோபம்தான் வருகிறது.

கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. டிக்கியும் ரோசன்பெர்க்கும் நண்பர்கள் ஆனார்கள். ஒருவர் அந்த மையத்தின் கையைக் கட்டியவர், மற்றவர் அந்த மையத்தை நடத்தியவர், 1999-ல் பதவியை இழந்தவர். பேசப்பேச இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மதிப்பு வந்திருக்கிறது. 2012 ஜூலையில் கொலராடோவின் ஆரோரா திரையரங்கில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட அடுத்த வாரம், வாஷிங்டன் போஸ்டில் இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டுக் கட்டுரை எழுதினார்கள். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைத் தொடாமலே ஆய்வு நடக்கலாம், நடக்க வேண்டும் என்பது சாரம். அவர்கள் காட்டிய உதாரணம் கார். கார் விபத்து ஆய்வு காரை ஒழிக்கவில்லை. சீட் பெல்ட், ஏர் பேக், சாலையின் நடுவே தடுப்பு என்று வந்து, ஓட்டிய தூரத்தோடு ஒப்பிட்டால் இறப்பு விகிதம் 1960-களில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. டிக்கி கடைசிவரை துப்பாக்கி உரிமைக்காரர்தான். 2017-ல் இறப்பதற்கு முன், அந்த ஆய்வு நிற்காமல் நடந்திருக்க வேண்டும் என்று வெளிப்படையாக வருந்தினார். அரசியல்வாதி வருந்துவது அபூர்வம். சட்டம் வருந்தாது, அவர் பெயரில் அது பாட்டுக்கு இருந்தது.

2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் இறந்தார்கள். ஒபாமா ஆய்வு நடத்தச் சொல்லி உத்தரவு போட்டார், பணம் கேட்டார், நாடாளுமன்றம் கொடுக்கவில்லை. 2018-ல் ஃப்ளோரிடாவின் பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர். அதன் பிறகுதான், டிக்கியின் வாக்கியம் ஆய்வைத் தடுக்கவில்லை என்று மசோதாவின் குறிப்பில் எழுதிச் சேர்த்தார்கள். 2019 டிசம்பரில் 2.5 கோடி டாலர் ஒதுக்கி, சிடிசிக்குப் பாதி, என்ஐஹெச்சுக்குப் பாதி என்று பிரித்தார்கள்.

அந்தக் கொஞ்சப் பணத்தில் என்ன செய்ய முடியும்? நிறைய முடியும் என்பதற்கு ஃபிலடெல்ஃபியாவிலேயே சாட்சி இருக்கிறது. அதே பிரானஸும் கூட்டாளிகளும் அந்த ஊரில் குப்பையும் புதரும் மண்டிக் கிடந்த 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சில மனைகளில் குப்பையை அள்ளி, புல் விதைத்து, நாலு மரம் நட்டு, குட்டையாக ஒரு மரவேலி போட்டார்கள். சிலவற்றில் குப்பையை மட்டும் அள்ளினார்கள். சிலவற்றை அப்படியே விட்டார்கள். 2018-ல் வந்த முடிவு: வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்த பகுதிகளில், சீர் செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. யாருடைய துப்பாக்கியும் பறிக்கப்படவில்லை. இந்த முடிவைப் படித்து எந்தத் துப்பாக்கிக் கடைக்காரரும் கோபப்பட முடியாது. புல் வெட்டும் கருவி விற்பவர் சந்தோஷப்படுவார். 'ஆய்வு என்றால் பறிமுதல்' என்று முப்பது வருடம் சொல்லிவந்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தற்கொலை பற்றிச் சொல்லாவிட்டால் படம் முழுமையாகாது. 2023-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 46,700 பேர், நாளுக்கு 128. அதில் 27,000-க்கும் மேல் தற்கொலை. செய்தியில் வருவது பள்ளியும் கடைத்தெருவும். எண்ணிக்கையில் அதிகம் பூட்டிய அறைகள். மனம் உடைந்த அந்தச் சில நிமிடங்களில் கையெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் பலருடைய உயிரைத் தீர்மானிக்கிறது. இது வெறும் ஊகம் இல்லை என்று காட்டிய நாடுகளில் முக்கியமானது இலங்கை. 1995 வாக்கில் உலகிலேயே மிக அதிகமான தற்கொலை விகிதங்களில் ஒன்று அங்கே இருந்தது. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததும், இருபது வருடத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. அந்தக் காலத்தில் அங்கே துயரம் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள், 2009 வரை போர் நடந்துகொண்டிருந்தது. எந்த மருந்து எத்தனை பேரைக் கொல்கிறது என்று மருத்துவமனைகளில் எண்ணியவர்கள் இருந்தார்கள். அந்த எண்களைக் கேட்டு நடந்த அலுவலகம் இருந்தது. இரண்டும் வேண்டும்.

இப்போது அமெரிக்காவில் எண்ணுகிறவர்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

2024 ஜூனில் அப்போதைய சர்ஜன் ஜெனரல், அதாவது பொதுச் சுகாதாரத்தில் நாட்டு மக்களுக்கு ஆலோசனை சொல்லும் அரசு மருத்துவர், விவேக் மூர்த்தி, துப்பாக்கி வன்முறை ஒரு பொதுச் சுகாதார நெருக்கடி என்று அறிவித்தார். (குடும்பம் கர்நாடகம், நம் பக்கத்து வீடு. துப்பாக்கி ஒரு சுகாதாரப் பிரச்சினை என்று ட்விட்டரில் எழுதியதற்காகவே 2014-ல் இவர் நியமனம் மாதக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது.) 2020 முதல் அமெரிக்காவில் 1 வயது முதல் 19 வயது வரையிலானவர்களைக் கொல்லும் முதல் காரணம் துப்பாக்கி. கார் விபத்தை அது தாண்டிவிட்டது. அறிக்கை அதை எடுத்துச் சொன்னது. 2025-ல் ஆட்சி மாறியதும் துப்பாக்கி வன்முறைத் தடுப்புக்கென்று வெள்ளை மாளிகையில் இருந்த அலுவலகம் மூடப்பட்டது. மார்ச்சில் மூர்த்தியின் அறிக்கை அரசுத் தளத்திலிருந்து இறக்கப்பட்டது. ஏப்ரல் 1-ஆம் தேதி சிடிசியில் ஆட்குறைப்பு. காயத் தடுப்பு மையத்தில் மட்டும் சுமார் 200 பேர், காயங்களின் தரவைத் தொகுத்து வெளியிடுகிறவர்கள் உட்பட. அதே மாதம் நீதித்துறை 80 கோடி டாலருக்கு மேற்பட்ட மானியங்களை ரத்து செய்தது. தெருச் சண்டை துப்பாக்கிச் சண்டையாகுமுன் போய்ப் பேசித் தடுக்கிற உள்ளூர் அமைப்புகள் பலவற்றின் பணமும் அதில் போனது. 2026 நிதியாண்டுக்கான வெள்ளை மாளிகையின் வரைவில் அந்தக் காயத் தடுப்பு மையத்தையே நீக்கப் பரிந்துரை இருந்தது. 1996-ல் என்ஆர்ஏவால் முடியாத காரியம்.

டிக்கியின் வாக்கியத்தைவிட இது மோசம் என்று நினைக்கிறேன். அந்த வாக்கியம் கேள்வி கேட்கிறவரைப் பயமுறுத்தியது, ஆனால் மரணச் சான்றிதழ்கள் வந்துகொண்டிருந்தன, யாரோ கூட்டிக்கொண்டிருந்தார்கள். கெல்லர்மனின் கட்டுரையைப் பிடிக்காதவர்கள்கூட அதே எண்களை வைத்துத்தான் அவரோடு சண்டை போட்டார்கள். எண்களே வராவிட்டால் சண்டைகூடப் போட முடியாது. அண்ணா சொன்ன காமன் சென்ஸ் மட்டும்தான் மிஞ்சும்.

இதற்கு எதிராக ஒரு வாதம் வருகிறது: கொலைகள்தான் இரண்டு மூன்று வருடமாகக் குறைந்துவருகின்றனவே, ஆய்வு எதற்கு? உண்மைதான், 2020, 2021-ல் கிடுகிடுவென ஏறியது, பிறகு நன்றாகவே இறங்கியிருக்கிறது. ஏன் ஏறியது? ஏன் இறங்கியது? கோவிட் முடிந்ததாலா, அந்த உள்ளூர் அமைப்புகளாலா, போலீஸாலா, நகர நிர்வாகங்களுக்கு வந்த கோவிட் நிவாரணப் பணத்தாலா? ஆளுக்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். எது குறைத்தது என்று தெரியாமலே, குறைத்திருக்கக்கூடிய ஒன்றின் பணத்தை வெட்டுவதற்கு எங்கள் அலுவலகத்தில் அனுமதி கிடைக்காது.

2025 ஆகஸ்ட் 8 அன்று சிடிசி தலைமையகத்துக்கு எதிர்ப்புறமிருந்து ஒருவன் சுட்டான். கோவிட் தடுப்பூசிதான் தன்னைக் கெடுத்தது என்று நம்பியவன். சுமார் 500 குண்டுகள். ஆறு கட்டடங்களில் துளைகள், காப்பாற்ற ஓடி வந்த ஒரு போலீஸ்காரர் இறந்தார். அவனும் இறந்தான். தற்கொலை எண்ணம் இருந்ததை அவன் முன்பே வெளியே சொல்லியிருந்ததாகவும், தந்தையின் துப்பாக்கிப் பெட்டகத்தை உடைத்து எடுத்ததாகவும் விசாரணையாளர்கள் சொன்னார்கள். எங்கள் வாட்ஸாப் குழுவில் அன்று மாலை முழுக்க, அந்த வளாகத்தில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பத்திரமா என்றே பேச்சு. பத்திரம் என்று தெரிந்ததும் குழு அமைதியாகிவிட்டது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. எப்படிப்பட்ட பெட்டகம் தாங்கும், வீட்டில் ஒருவர் உடைந்துபோயிருக்கும்போது துப்பாக்கியை எங்கே கொடுத்து வைக்கலாம், அதைக் குடும்பத்திடம் யார் எப்படிச் சொன்னால் கேட்பார்கள் என்பதெல்லாம் நிஜமான ஆய்வுக் கேள்விகள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் துப்பாக்கியை வைக்கச் சொல்லும் சட்டங்கள் இளையோர் தற்கொலையைக் குறைக்கின்றன என்பது, ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் அலசிய நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் உறுதியாகத் தேறிய மிகச் சில முடிவுகளில் ஒன்று.

என் மகளை வேறு வீட்டுக்கு விளையாட அனுப்புமுன், அந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று நான் கேட்கிறேன். குழந்தை மருத்துவர்கள் சொல்லிக்கொடுத்த பழக்கம். வேர்க்கடலை அலர்ஜி சொல்லும்போதே இதையும் சேர்த்துக் கேட்டுவிட்டால் சங்கடம் குறைவு. அமெரிக்க அம்மாக்கள் பலர் சட்டென்று பதில் சொல்லிவிடுகிறார்கள். நம்மவர்கள்தான் "என்ன இப்படிக் கேக்கறீங்க" என்று முகம் சுருங்குகிறார்கள். போன வாரம்வரை அவர்கள் வீட்டில் இல்லாமல் இருந்திருக்கலாம். அடுத்த வாரம் நகைத் திருட்டுச் செய்தி ஒன்று வந்தால் இருக்கலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், திருச்சிப் பக்கம், இங்கே பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்டம் செய்கிறாள். அவசரப் பிரிவுத் தரவை வைத்துத் துப்பாக்கிக் காயங்களைப் பற்றி எழுதத்தான் முதலில் திட்டம். போன வருடம் தலைப்பை மாற்றிவிட்டாள். இப்போது இதய நோய். "கைடே சொல்லிட்டாங்கக்கா. கிராண்ட் போச்சுன்னா வேலை போச்சு, வேலை போச்சுன்னா விசா. எச்ஒன்பீல இருந்தா அறுபது நாள்தான் டைம். நான் ஊருக்குப் போய் என்ன பண்றது?" என்றாள். நியாயம்தான். அவளிடம் வேறு என்ன சொல்வது. அந்தத் தரவெல்லாம் அப்படியே இருக்கிறதாம், யாராவது எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டேன். அவள் துறையில் இந்த வருடம் யாரும் எடுக்கவில்லையாம்.